டாப்ஸனின் கால்களுக்கு நடுவே

மார்லா வாஷ்கோ தேர்வில் காப்பி அடித்தவள் என்று கெல்டனில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வாயில் மண் விழட்டும். இரண்டு வருடம் அவளோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள் நான். பக்கத்து மேசைக்காரியின் விடைத்தாளை எட்டிப் பார்க்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. தப்பித்தவறிக் கண்ணில் பட்டிருந்தாலும், 'மூணாவது கேள்விக்கு நீ எழுதினது தப்பு' என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டு வந்திருப்பாள். அவள் பிறவி அப்படி.

அப்பா ரொட்டி வண்டி ஓட்டுகிறவர், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவள். ஏறியவள் சும்மா படித்துவிட்டுப் போகக் கூடாதா. புத்தகம் படிப்பது என்றால் அவளுக்குப் புத்தகத்தோடு சண்டை போடுவது. வரலாற்றுப் பாடத்துக்குக் கொடுத்த நூலில், எங்கள் ஊர் கண்ணாடி ஆலை வேலைநிறுத்தம் 'சில வாரங்கள்' நீடித்தது என்று ஒரு வரி வந்தது. ஓரத்தில் பென்சிலால் 'எத்தனை? எண்ணத் தெரியாதா?' என்று எழுதினாள். அதோடு விட்டாளா, நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி அறுபத்து மூன்று நாள் என்று கண்டுபிடித்து வந்து வகுப்பில் சொன்னாள். 'நல்லது, ஆனால் அது நமக்கு முக்கியமில்லை' என்றார் ஆசிரியர்.

"அறுபத்து மூணு நாள் கூலியில்லாம கெடந்தவனுக்கு முக்கியம்டி" என்று அன்று மாலை அறையில் என்னிடம் கத்தினாள், என்னவோ நான்தான் அந்த ஆலை முதலாளி மாதிரி.

தத்துவப் பாடத்தில் இன்னொரு கூத்து. எல்லாரும் ஒப்புக்கொண்டதுதான் உண்மை, அதற்கு வெளியே உண்மை என்று ஒன்று இல்லை என்று ஓர் அறிஞர் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னார்கள். மறுத்து நாலு பக்கம் எழுதினாள். நாலு பக்கமும் பேஸ்பால். நடுவர் அவுட் என்று சொல்லிவிட்டால் ஓடியவன் வெளியே போகத்தான் வேண்டும், ஆனால் அவன் கால், ஓடிச் சேர வேண்டிய பேஸை முன்னாலேயே தொட்டுவிட்டது தொட்டதுதான் என்று வாதாடியிருந்தாள். 'விளையாட்டிலிருந்து வெளியே வரவும்' என்று சிவப்பு மையில் எழுதி, பி மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் அணிக்குப் பெயர் கொக்குகள். பெரிய அணிகளுக்கு ஏறப் பார்க்கிற பையன்களும், அங்கிருந்து சறுக்கி விழுந்தவர்களும் ஆடுகிற சின்ன அணி. ஏப்ரல் பிறந்துவிட்டால் மார்லாவை மைதானத்தில்தான் பார்க்கலாம், மடியில் அட்டை, அட்டை மேல் ஸ்கோர் தாள், கையில் பென்சில். களத்தில் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறவனுக்கும் ஓர் எண் உண்டு. பந்து எறிகிறவன் ஒன்று, முதல் பேஸ்காரன் மூன்று, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிறவன் ஆறு. ஆறாம் ஆள் பந்தைப் பொறுக்கி மூன்றாம் ஆளுக்கு எறிந்து ஒருவனை அவுட் ஆக்கினால் கட்டத்தில் 6-3 என்று எழுத வேண்டும். ஆட்டம் முடிகிறபோது அந்தத் தாளைப் பார்த்தால், தெரியாதவனுக்கு ஏதோ எண் கிறுக்கல். தெரிந்தவன் மூன்று மணி நேர ஆட்டத்தையும் ஒரு பந்து விடாமல் படித்துவிடுவான்.

தொண்ணூற்றொன்று ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, மதிய ஆட்டம். நானும் கூடப் போயிருந்தேன், வெயிலுக்கும் ஹாட் டாகுக்கும். கொக்குகளுக்கு அன்று பந்து எறிந்தவன் லைல் ஓக்ஸ். முப்பது வயது தாண்டிவிட்டது, தோள் போய்விட்டது, இந்த வருடம் நிற்பானா என்பதே சந்தேகம் என்று மார்லா சொன்னாள். ஆனால் அன்று நன்றாகவே எறிந்தான். ஆறாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்றாமவனும் போனால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அடுத்தவன் ஒரு சோம்பேறி அடி அடித்தான். பந்து தரையோடு உருண்டு நேரே டாப்ஸனிடம் போனது. டாப்ஸன்தான் ஆறாம் ஆள். அவன் குனிந்தான், கையுறையைத் தரையில் வைத்தான், பந்து அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து பின்னால் போய்விட்டது. என் வீட்டு நாய்க்குட்டிகூட அதைக் கவ்வியிருக்கும். நான் பார்த்தேன், கடுகுச் சாறு சட்டையில் வழிய வழிய, நன்றாகவே பார்த்தேன்.

அதற்கு அடுத்தவன் பந்தை வேலிக்கு வெளியே தூக்கி ஹோம் ரன் அடித்தான். இரண்டு ஓட்டம் போனது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆட்டத்தைப் பதிவு செய்ய அணிக்காரர்கள் அமர்த்திய ஓர் ஆள் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். அடித்தவன் முதல் பேஸ் சேர்ந்தது அவன் சாமர்த்தியத்தால் என்று அவர் நினைத்தால் 'அடி'. பிடிக்க வேண்டியவன் கோட்டை விட்டதால் சேர்ந்தான் என்றால் 'பிழை'. பிழை என்றால், அங்கேயே முடிந்திருக்க வேண்டிய இன்னிங்ஸ் அது, பிறகு வந்த ஓட்டம் எதுவும் எறிந்தவன் தலையில் விழாது. அடி என்று எழுதிவிட்டால் எல்லாம் அவன் தலையில்தான். அந்த வருடம் அணியின் சுவரொட்டி முழுக்க டாப்ஸனின் பல் தெரிகிற சிரிப்பு. பலகையில் என்ன விழுந்தது என்று நினைக்கிறீர்கள். அடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

மார்லா எழுந்து நின்று கண்ணாடி அறையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். பின்பு உட்கார்ந்து, தன் தாளில் பிழை, ஆறு என்று அழுத்தி எழுதினாள். பென்சில் முனை உடைந்துபோயிற்று.

அன்று மாலை ஆறு மணிக்கு அவளுக்குப் புள்ளியியல் தேர்வு. மைதானத்திலிருந்து நேரே போனாள். கால்குலேட்டரை எடுக்க மேல்சட்டைப் பையில் கையை விட்டபோது மடித்து வைத்திருந்த ஸ்கோர் தாள் கீழே விழுந்தது. அதைப் பொறுக்கியவர் டாக்டர் ஹாலம், பாடம் நடத்துகிற அதே ஆள். பிரித்துப் பார்த்தார். 6-3, 5-3, 4-6-3. ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட விடைகள் இருக்கிற தேர்வு. சரியான விடைகளின் எண்களைத்தான் எழுதி வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக அவருக்கு ஒரே பூரிப்பு. எண்களைத் தின்று எண்களைக் குடித்து வாழ்கிற மனுஷன், ஒஹையோவில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயது வரை ஒரு ஸ்கோர் தாளைக் கண்ணால் பார்த்ததில்லையாம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார். அங்கேயே விடைத்தாளைப் பிடுங்கி அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

விஷயம் ஒழுங்குக் குழுவுக்குப் போனது. குற்றம் நிரூபணமானால் ஒரு வருடம் நீக்கம், அதோடு சான்றிதழில் நிரந்தரமாக ஒரு வரி. அந்த வரி இருந்தால் எந்தப் பள்ளிக்கூடமும் அவளை ஆசிரியையாகச் சேர்க்காது. மார்லாவுக்கு வேண்டியதோ அது ஒன்றுதான். அவள் அம்மா தொலைபேசியில் அழுதது எனக்கே கேட்டது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு செய்தி வந்தது. லைல் ஓக்ஸை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவன் தலையில் விழுந்த ஓட்டங்களின் சராசரி மோசமாம். பத்திரிகையில் இரண்டே வரி. மார்லாதான் படித்துக் காட்டினாள்.

மே முதல் வாரம், நிர்வாகக் கட்டடத்தில் ஒரு நீள மேசை. தலைமை வகித்தவர் டீன் ரென்விக் அம்மாள். பக்கத்தில் நூலகத் தலைவர் தீல், அதற்கப்பால் கடைசி வரை வாயே திறக்காத ஒரு வேதியியல்காரர். எதிரே ஹாலம். நான் மார்லாவின் சாட்சி. கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று எனக்கு முன்பே எச்சரிக்கை, என் வாயைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இது ஸ்கோர் தாள்னா படிச்சுக் காட்டுங்க" என்றார் ரென்விக்.

மார்லா படித்தாள். முதல் ஆளிலிருந்து தொடங்கி, யார் எறிந்தான், எங்கே போனது, யார் பிடித்தான் என்று ஒன்பது இன்னிங்ஸும் மூச்சு விடாமல் படித்தாள். ரென்விக் அம்மாளே பேனாவை மூடிவிட்டு முன்னால் சாய்ந்து கேட்டார்.

"கதை கட்டறது கஷ்டமில்ல" என்றார் ஹாலம். "எந்தக் குறிக்கும் ஒரு கதை சொல்லலாம்."

"சார், தாள்ல ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதெல்லாம் இருக்கு. உங்க கேள்வித்தாள்ல விடை அஞ்சு வரைக்கும்தான்" என்றாள் மார்லா.

"அது பாக்கறவங்களைக் குழப்பறதுக்கு."

இந்த ஆளை என்ன செய்வது. நான் மேசைக்கடியில் என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

அப்போது தீல் தன் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் கத்தரிப்பை எடுத்தார். அந்தப் புதன்கிழமை ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ அட்டவணை. அவர் பேஸ்பால் பைத்தியம் என்று கல்லூரிக்கே தெரியும். அப்பாடா, விவரம் தெரிந்த ஒருத்தர் வந்தார் என்று நினைத்தேன். தெரியாதவன் குலைப்பான், தெரிந்தவன்தான் கடிப்பான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார்.

"மிஸ் வாஷ்கோ, எல்லாம் அச்சு அசலா ஒத்துப்போகுது. ஆறாவது இன்னிங்ஸ்ல மட்டும் ஒண்ணு இடிக்குது. பேப்பர்ல அடி ஒன்பது, பிழையே இல்ல. உங்க தாள்ல அடி எட்டு, பிழை ஒண்ணு."

"ஆமா சார்."

"யானைக்கும் அடி சறுக்கும். கை தவறி எழுதிட்டீங்க, அவ்வளவுதானே?"

"இல்ல சார். பேப்பர்லதான் தப்பு."

ஹாலம் சிரித்தார். "பாத்தீங்களா. அதிகாரப்பூர்வமான பதிவு பொய், இவங்க மடியில வச்சு எழுதினது நிஜம். அசலோட ஒத்துப்போகாத தாள் எப்படிப் பதிவாகும்? அந்த இடத்துல வேற ஏதோ ஒளிஞ்சிருக்கு."

ரென்விக் அம்மாள் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை, வீட்டுக்குப் போக அவசரப்பட்டவர். "மார்லா, ஒரு சின்ன கவனக்குறைவுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்தக் கூட்டம் இப்பவே முடிஞ்சுடும். யாருக்கும் நஷ்டமில்ல."

"நஷ்டப்பட்டவர் போன திங்கக்கிழமை பெட்டியக் கட்டிட்டுப் போயிட்டார் மேடம்" என்றாள் மார்லா. "அது பிழை. பிழைன்னு எழுதினது இந்த ஊர்லயே இந்த ஒரு தாள்தான். அதுவும் கை தவறினதுன்னு நானே சொல்லிட்டா, அப்புறம் அது அடிதான்னு ஆயிடும்."

"தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்" என்று முணுமுணுத்தார் தீல்.

அதுதான் இல்லை. அவள் பிடித்த முயலுக்கு ஒழுங்காக நாலு கால் இருந்தது, வம்பே அதனால்தான். எனக்கு அவர்கள் எல்லார் மேலும் வந்த ஆத்திரத்தைவிட இவள் மேல் அதிகம் வந்தது. ஒரு வார்த்தை. தோள் போன எவனோ ஒருவனுக்காக, அவன் பெயரைக்கூடக் கேட்டறியாத அம்மா அப்பாவின் வயிற்றில் நெருப்பை வைக்கிறாள். ஓக்ஸ் என்ன இவள் மாமனா மச்சானா.

ரென்விக் என் பக்கம் திரும்பினார். "நீங்க அன்னிக்குக் கூட இருந்தீங்க. நீங்க என்ன பாத்தீங்க?"

மார்லாவும் திரும்பினாள். அவள் தோள் இறங்கியது, முகம் தெளிந்தது. ரோண்டா பார்த்தாள், ரோண்டா சொல்லிவிடுவாள் என்று என்னை நம்பிய நிம்மதி அது.

"அது அடிதான் மேடம்" என்றேன். "இவ அப்ப எனக்குக் கைத்துணி எடுக்கக் குனிஞ்சிருந்தா. நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள பந்து போயிடுச்சு. நான் அப்பவே சொன்னேன், கேக்கல. பிடிவாதக்காரி."

கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. தாள் ஸ்கோர் தாளே, குற்றம் இல்லை. தாளில் உள்ள வேறுபாடு மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று அவர் தரப்புச் சாட்சியே உறுதி செய்திருக்கிறார். ரென்விக் அதை உரக்கப் படித்தார். ஹாலம் ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எனக்குள் குதூகலம்.

தாழ்வாரத்தில் மார்லா என்னை நிறுத்தினாள்.

"பந்து எங்கடி போச்சு?"

"வா, சாப்பிடப் போலாம்."

"எங்க போச்சு, சொல்லு."

"காலுக்கு நடுவுல. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? உன்னக் காப்பாத்தணும்னுதான் சொன்னேன். உனக்காக ஒரு தியாகம் பண்ணினேன்னு வச்சுக்கோ."

"பேஸ்பால்ல தியாகம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? இன்னொருத்தனை முன்னால அனுப்பறதுக்காக மட்டை பிடிச்சவன் தானே அவுட் ஆகறது. நீ எங்கடி அவுட் ஆன? ஓக்ஸ்தான் ரெண்டாவது தடவை ஆனான்."

நன்றி கெட்டவள் என்று நினைத்தேன். வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலை என் மேசையில் கல்லூரி விதிப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வரியின் கீழே பென்சில் கோடு. விசாரணையில் சொன்ன சாட்சியத்தைப் பத்து நாளுக்குள் சாட்சி எழுத்து மூலம் திருத்தலாம்.

"போய் எழுதிக் குடு" என்றாள்.

"எழுதிக் குடுத்தா உன் கேஸைத் திரும்பத் தெறப்பாங்க, பைத்தியம்."

"தெறக்கட்டும்."

"உங்கம்மாவ நெனச்சுப் பாத்தியா?"

"எங்கம்மாகிட்ட நடந்ததைச் சொல்லிட்டேன். நீ போய் எழுதிக் குடு."

மூன்று நாள் நான் போகாமல் இருந்தது நிஜமாகவே அவளுக்காகத்தான். பாழுங்கிணற்றில் குதிக்கிறேன் என்கிறவளை எந்தச் சிநேகிதி கைதூக்கித் தள்ளிவிடுவாள். நாலாம் நாள் விதிப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். குழு முன் பொய்ச் சாட்சி சொல்வது, ஒரு வருடம் நீக்கம். எனக்கு ஜூனில் பட்டம். கொலம்பஸ் நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை உறுதியாகியிருந்தது, போட்டுக்கொண்டு போகச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டுகூட வாங்கித் தொங்கவிட்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவளுக்காகத்தான் போகவில்லை என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் கடைந்தெடுத்த பொய். ஆனால் கோபம் மட்டும் குறையவில்லை. அவள் பல் தேய்ப்பதைப் பார்த்தால் கோபம், பென்சில் சீவுவதைப் பார்த்தால் கோபம். ஹாலமைத் திட்டினேன், தீலைத் திட்டினேன், அந்தக் கையாலாகாத டாப்ஸனைத் திட்டினேன். மார்லா பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒருமுறைகூடக் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. தானே எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள், சாட்சி மட்டுமே திருத்த முடியும் என்று பதில் வந்துவிட்டது.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. டீன் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும், எங்கள் விடுதியிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நாலரைக்கு அவள் வகுப்பிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள், பக்கம் புரளவே இல்லை. நான் துணி மடித்தேன். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தேன்.

"இன்னும் கால் மணி நேரம் தெறந்திருக்கும்" என்றாள்.

"தெரியும்."

"நானும் கூட வரேன். ரெண்டு பேருமே நீக்கமானாலும் ஒரு வருஷம்தான். எங்கப்பா ரொட்டிக் கடையில ரெண்டு பேருக்கும் வேலை வாங்கித் தருவாரு." இதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள்.

நான் கோட்டை எடுத்து, இல்லாத தூசியைத் தட்டினேன்.

மறுநாள் அவள் வேறு அறைக்கு மாறிவிட்டாள். பட்டம் வாங்கினாள், கெல்டனிலேயே பள்ளி ஆசிரியை ஆனாள், என்னோடு பிறகு பேசியதில்லை. 'நான் இல்லையென்றால் இன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் தரையைத்தான் கூட்டிக்கொண்டிருப்பாள்' என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை, அதுவும் நிஜம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. மணிக்கூண்டில் ஐந்து அடித்து முடிந்ததும், என்னையும் அறியாமல் என் வாயிலிருந்து 'அப்பாடா' என்று ஒரு மூச்சு வந்தது. மார்லா அதைக் கேட்டாள்.